ஷட்டவுன் லீவு

நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி ஓட்டெடுப்பு ஒன்று போட்டாள். நம்மில் பலருடைய பிள்ளைகள் படிக்கிற ஒரகடம் பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. கோடை விடுமுறையைக் குறைத்துவிட்டு, அந்த நாட்களைக் கம்பெனிகளின் ஷட்டவுனோடு சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். சரி, வேண்டாம் என்று இரண்டே பதில். அரை மணி நேரத்துக்குள் உங்களில் பெரும்பாலோர் 'சரி'யை அழுத்திவிட்டீர்கள். ஒருவன் கைதட்டும் படம்கூடப் போட்டிருந்தான். நான் எதையும் அழுத்தவில்லை. "ஏன்டி வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்டீர்கள். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பொறுமை இல்லாதவர்கள் வழக்கம்போல ஒரு ரோஜாப்பூவைப் போட்டுவிட்டுப் போகலாம்.

நமக்கெல்லாம் இப்போது முடிக்குச் சாயமும் சர்க்கரைக்கு மாத்திரையும் வந்துவிட்டன. ஆனாலும் இருங்காட்டுக்கோட்டையில் நாம் படித்த அந்தச் சின்னப் பள்ளியை மறந்திருக்க மாட்டீர்கள். இதே கூத்து அங்கேயும் நடந்தது. நாம் நாலாவது முடித்த வருடம். மே மாதம் தகரக் கொட்டகையில் வகுப்பு நடந்ததும், பெரிய டீச்சர் கூரைமேல் கீற்றைப் பரப்பி ஆயாவை விட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னதும், ஈரக் கீற்றிலிருந்து ஒரு பழுப்புத் துளி என் கணக்கு நோட்டில் விழுந்து ஏழை ஒன்பதாக்கியதும் எனக்கு நேற்றுப்போல இருக்கிறது. நீங்கள் அதையெல்லாம் வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டில் அதனால் ஒன்றும் போகவில்லை.

எனக்கு ஒரு தம்பி இருந்தான் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இருக்கிறான் என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா கார் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்றார். அம்மா வண்டிக்கான வயர்களைக் கட்டுக் கட்டாகச் சுற்றித் தருகிற இன்னொரு கம்பெனியில் வேலை பார்த்தாள். எப்போதும் அவள் விரல் நுனிகளில் கறுப்பு டேப்பின் பசை ஒட்டியிருக்கும், சோறு பிசைந்து ஊட்டினால் அந்த வாசனையும் சேர்ந்து வரும். இருந்தது வரிசை வீட்டில் ஒரே அறை. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால் தம்பி பிறந்த ஏழாம் மாதமே கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் சித்தி வீட்டில் விட்டாயிற்று. சித்தி என் அம்மாவின் தங்கை. கல்யாணமாகி ஆறு வருடமாகியும் பிள்ளை இல்லாதவள். அவனுக்கு ஐந்து வயதானதும் கூட்டி வந்து நம் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பது என்று பேச்சு. அதுவரை பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு மே மாதமும் ஊருக்குப் போகிற யாருடனாவது பெருங்களத்தூரில் என்னைப் பஸ் ஏற்றிவிடுவார்கள். உங்களுக்கு மே மாதம் என்றால் விளையாட்டு. எனக்கு அது ஒரு வேலை. கம்பெனி அடையாள அட்டைக்காக அம்மா எடுத்த படத்தின் மிச்சப் பிரதி ஒன்று இருந்தது. அதைக் காலண்டர் அட்டையில் ஒட்டிப் பையில் வைத்துத் தருவாள்.

"டெய்லி காட்டணும் என்னட்டி? அம்மா அங்க இருக்கா, உன்னையக் கூப்புட வாரான்னு சொல்லணும். அவனுக்கு எம்மூஞ்சி மறந்துறப்பிடாது" என்பாள்.

நானும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை காட்டுவேன். "இது யாரு?" "அம்மா." "அப்ப இது?" என்று சித்தியைக் காட்டுவேன். "சித்தி" என்பான். தப்பாகச் சொன்னால் தொடையில் கிள்ளுவேன். மூன்று வயதுப் பிள்ளையைக் கிள்ளினேன். கரிசல் காட்டு வெயிலில், டிவி இல்லாத வீட்டில், மூக்கு ஒழுகும் ஒரு பயலுக்கு அம்மாவைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்க எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் மாதம் முடிகிறபோது அவன் சரியாகச் சொல்வான். பஸ் ஏறும்போது, "அம்மாவ வரச் சொல்லு" என்று என்னிடம் சொல்லி அனுப்புவான். அதை வந்து சொன்னதும் அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொள்வாள். எனக்கு அதுதான் கூலி.

அவனுக்கு ஐந்து வயது ஆன வருடம்தான் பெரிய டீச்சர் பெற்றோர் கூட்டம் போட்டார். வருடத்துக்கு ஒரு முறை கம்பெனியை மொத்தமாக நிறுத்தி இயந்திரங்களைப் பழுது பார்ப்பார்கள். லைன் ஆட்களுக்கு அந்தப் பத்து நாளும் லீவு. அதுதான் ஷட்டவுன். அந்த வருடம் அது ஜூன் நடுவில் வருவதாகக் கம்பெனி காலண்டரில் போட்டிருந்தது. 'மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு, அப்பாவுக்கு லீவு இல்லை. ஜூனில் அப்பாவுக்கு லீவு, பிள்ளைகளுக்கு இல்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் குடும்பம் சேர்ந்திருக்கலாமே?' டீச்சர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. மேயில் வகுப்பு நடத்தக் கூடாதே என்று யாரோ இழுத்தபோது, 'கோடைப் பயிற்சி' என்று வாசலில் ஒரு போர்டு மாட்டிவிட்டால் போயிற்று என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அம்மாவுக்கு அன்று ஓவர்டைம். அப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து குளித்துவிட்டு, லீவு நாளிலும் கம்பெனிச் சட்டையையே போட்டுக்கொண்டு வந்தார். முன்வரிசை நாற்காலிகள் எப்போதும் அந்தச் சட்டைக்காரர்களுக்குத்தான் கிடைக்கும் என்பது உங்களுக்கும் தெரியும். உள்ளூர்ப் பிள்ளைப்பாக்கத்துக்காரர்கள் பின்னால் பெஞ்சில். அந்தப் பெஞ்சிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். நம்மோடு படித்த இரட்டைப் பின்னல்காரியின் அம்மா, வீட்டுக்காரர் தண்ணி லாரி ஓட்டினார்.

"மே மாசம் கொட்டாயில புள்ளைங்கள குந்த வெச்சா வெந்து பூடும் டீச்சர். அத வுடுங்க. கம்பெனிக்காரன் தேதிய மாத்திகினான்னா அப்ப இன்னா பண்ணுவீங்க? இஸ்கூலயும் மாத்திகினே இருப்பீங்களா?"

முன்வரிசை சிரித்தது. அப்பா எழுந்தார். அவர் நாலு பேர் நடுவில் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமையில் காது சூடாகிவிட்டது.

"அக்கா, லைன் ரெண்டு நிமிசம் நின்னா அதையும் எழுதி வச்சிக் கேள்வி கேக்கிற கம்பெனி அது. அவன் தேதின்னா தேதி. பஞ்சாங்கம் தப்பினாலும் தப்பும், கம்பெனி காலண்டர் தப்பாது" என்றார். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்கு ஊருல ஒரு பையன் இருக்கான் டீச்சர். நானும் அவன் அம்மையும் இவளும் ஒண்ணா அவன் முன்னால போயி நின்னது ஒருநாளும் இல்ல. ஒருத்தருக்கு லீவு கெடைச்சா இன்னொருத்தருக்குக் கெடைக்காது. இந்த ஜூன்ல மூணு பேரும் போயி அவனக் கூட்டிட்டு வந்து ஒங்க பள்ளிக்கூடத்துலயே சேக்கப் போறோம். அதுக்காவது இத செய்யுங்க."

டீச்சர் ஓட்டுக்கு விட்டார். கையைத் தூக்கச் சொன்னதும் அப்பா இரண்டு கையையும் தூக்கினார். "ஒண்ணு எங்க வீட்டுக்காரிக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துக்கொண்டே இரண்டையும் எண்ணிக்கொண்டார்.

அம்மா வந்ததும் அப்பா சொன்னார். அவள் பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டாள்.

"மே மாசம் இவ போகலைன்னா அவங்கிட்ட யாரு சொல்லுவா?"

"போட்டோவக் காட்டுததுக்குப் பதிலா ஆளையே கொண்டு போயி காட்டப் போறோம்ட்டி. ஒரு மாசம் முன்ன பின்ன. இதுக்குப் போயி..."

"அவன் சின்னப்பிள்ளங்க."

"சின்னப்பிள்ளைன்னா? பெத்த தாய மறந்துருவானாக்கும்?"

அம்மா பையை இறக்கி வைத்தாள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன்: அந்த வருடம் கரிசல் காட்டுக்குப் போக வேண்டாம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

மே வந்தது. மதியத்துக்குப் பிறகு வாய்ப்பாடு சொல்ல நமக்கெல்லாம் நாக்கு வராது. மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி மயங்கி விழுந்தாள். தண்ணீர்ப் பானையைச் சுற்றி நாம் அடித்துக்கொண்டதும், காற்று திரும்புகிற நாட்களில் கம்பெனி பெயின்ட் வாடை கொட்டகைக்குள் வந்து தலை வலித்ததும் நினைவிருக்கிறதா? பாதிப் பிள்ளைகள் வருவதை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பாதியில் நானும் இருந்திருக்கலாம். மே மூன்றாம் வாரத்தில் அம்மாவின் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கல்யாணத்துக்காக ஊருக்குப் போனாள்.

"இவளையும் அவகூட அனுப்பிருவோம். பத்து நாள் இருந்துட்டு வரட்டும். நேத்து போன்ல அவன் பேசவே மாட்டேங்கான். மூச்சு மட்டும் கேக்கு" என்றாள் அம்மா.

தெருமுனை எஸ்.டி.டி. பூத்தில் ஞாயிறு காலைகளில் நாங்கள் மூவரும் கண்ணாடிக் கூண்டுக்குள் நெருக்கியடித்து நிற்போம். சித்தி வீட்டுக்கு எதிர்க்கடையில் அவனைக் கூப்பிட்டு வைத்திருப்பார்கள். ஏப்ரலில், "அம்மா, வண்டி வாங்கிட்டு வா" என்று கத்திக்கொண்டிருந்தான். மே மாதத்தில் மூச்சு மட்டும்தான்.

அப்பா ஒப்பவில்லை. "நாந்தான் எந்திரிச்சிப் பேசினேன். எம்பிள்ளையே பள்ளிக்கூடத்துக்கு வரலைன்னா நாளைக்கு எவன் மதிப்பான்? கூட்டத்துல அத்தன பேரு முன்னால சொன்ன சொல்லுட்டி அது."

அம்மா அன்று அழுதாள். அப்பா கேட்காததுபோல பல் துலக்கிக்கொண்டிருந்தார். இன்று யோசித்தால் அவர் மேல் எனக்குக் கோபத்தைவிட இரக்கம்தான் வருகிறது. இந்த ஊரில் அவரை மனிதனாக மதித்து நாலு பேர் காது கொடுத்தது அந்த ஒரு பகலில்தான். அதை விட்டுவிட அவரால் முடியவில்லை. இரக்கம் வந்து என்ன செய்ய?

ஜூன் முதல் வாரம் அம்மா தம்பிக்கு நீலத்தில் ஒரு புத்தகப் பையும், மூடியில் யானை போட்ட தண்ணீர் பாட்டிலும் வாங்கினாள். சட்டைக்கு அளவு தெரியாமல், பக்கத்து அறைப் பையனை நிற்க வைத்து அளந்தாள். அந்த வாரக் கடைசியில் அப்பா ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"ஷட்டவுன் தள்ளிப் போச்சு. கேன்டீன் போர்டுல ஒட்டிட்டான்" என்றார்.

புது மாடல் வண்டிக்கு ஆர்டர் குவிந்துவிட்டதாம். ஷட்டவுன் இனி ஆடியில்தான். அதுவரை யாருக்கும் லீவு கிடையாது, போட்ட லீவும் ரத்து. பெரிய கம்பெனி ஓடினால் அதற்கு வயர் கட்டித் தருகிற சின்னக் கம்பெனியும் ஓடியாக வேண்டும். அம்மாவுக்கும் ரத்து.

மறுநாள் நாலைந்து சட்டைக்காரர்கள் சேர்ந்து டீச்சரைப் பார்க்கப் போனார்கள். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். டீச்சர் பள்ளி டைரியைத் திறந்து காட்டினார். பத்து நாட்களுக்குச் சிவப்பு மையில் 'விடுமுறை' என்று அச்சாகியிருந்தது.

"நீங்கதானே சார் கேட்டீங்க? டைரி அடிச்சாச்சு, வேன் டிரைவருங்க எல்லாம் ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தாச்சு. ஆளுக்கொரு தேதி சொன்னா நான் எங்க போறது?"

திரும்பும்போது கேட்டருகே பிள்ளைப்பாக்கத்து அம்மா நின்றுகொண்டிருந்தார். சொல்லிக் காட்டப் போகிறார் என்று நான் அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்தேன். அவர், "வூட்ல ஆரும் இல்லன்னா புள்ளைய எங்கூட்டாண்ட வுடுங்க சார். எம் பொண்ணோட இருக்கட்டும். அதுவும் தனியாதான் கீது" என்றார். "இல்லக்கா, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார் அப்பா. தலையை நிமிர்த்தவே இல்லை.

பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான்: ஊருக்குப் போகிற ஆள் ஒருவரும் இல்லாததால் என்னை அனுப்பவும் வழியில்லை. பத்து நாளும் இரண்டு ஷிஃப்டுக்கும் நடுவில் என்னை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கம்பெனிப் பஸ்கள் போகும். பஸ்ஸின் நிறத்தை வைத்து எந்தக் கம்பெனி என்று சொல்லப் பழகினேன். என்னைப்போலவே எதிர் வரிசையிலும் இரண்டு ஜன்னல்களில் பிள்ளைகள் நின்றார்கள். அதில் ஒருவன் இப்போது நம் குழுவில்தான் இருக்கிறான். கைதட்டிப் படம் போட்டவனும் அவன்தான்.

லீவு முடிந்து பள்ளி திறந்த வாரம், வார ஓய்வோடு ஒரு நாளைக் கெஞ்சி வாங்கிச் சேர்த்துக்கொண்டு அப்பா மட்டும் ஊருக்குப் போய்த் தம்பியைத் தூக்கி வந்தார். தூக்கி வந்தார் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் திமிறித் திமிறி அவர் கழுத்தெல்லாம் நகக்கீறல். அம்மா அன்று செகண்ட் ஷிஃப்ட். அவன் வரும் நேரத்துக்குத் தலை குளித்து, பூ வைத்து, வாசலில் நின்றாள். அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். சித்தி வீட்டில் பழக்கியிருந்தபடி, விருந்தாளியிடம் சொல்வதுபோல, "வாங்க பெரியம்மா" என்றான்.

அவன் கணக்கு சரிதான். வளர்க்கிறவள் அம்மா என்றால் அவளுடைய அக்கா பெரியம்மாதானே. யாரும் வேண்டுமென்று சொல்லிக்கொடுக்கவில்லை. திருத்துவதற்கு அந்த வருடம் ஆள் போகவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு மே மாதமும் நான் செய்துவந்த வேலையே அதுதானே.

"பெரியம்மா இல்லல, நாந்தாம்ல அம்மா" என்றாள்.

"எங்கம்மா ஊர்ல இருக்கு" என்றான், மரியாதையாக.

பதினோரு நாள் இருந்தான். நீலப் பையை மாட்டிக்கொண்டு ஒன்றாம் வகுப்புக்கு வந்தான். அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோறு இறங்கவில்லை. அம்மா பிசைந்து வைத்தால் அவள் விரலை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். சாயங்காலம் மெயின் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்து, "இந்த பஸ்ஸு எங்கூருக்குப் போவுமா?" என்று வருகிற போகிற ஆளையெல்லாம் கேட்பான். கம்பெனிப் பஸ்ஸைத்தான் கேட்டான். பழைய படத்தைக் காட்டி, "இது யாரு?" என்று கேட்டேன். கிள்ளியும் பார்த்தேன். "பெரியம்மா" என்றான்.

ஒன்பதாம் நாள் காய்ச்சல். அதைக் கேட்டுப் பதினோராம் நாள் சித்தி வந்து இறங்கினாள். அவன் ஓடிப்போய் அவள் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதான். சித்தியும் அழுதாள். "அக்கா, நான் சொல்லிக்குடுக்கலக்கா. எங்கிட்டயும் சித்தின்னுதான் சொல்லிட்டு இருந்தான். இந்த மே மாசந்தான்... முருகன் மேல சத்தியமாக் கூட்டிட்டுப் போவ வரலக்கா" என்றாள். அம்மா தட்டில் சோறு போட்டுத் தங்கையிடம் கொடுத்தாள். அவள் ஊட்ட ஊட்ட அவன் தட்டை முழுக்கக் காலி செய்தான். அம்மா சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவன் துணிகளை அவளே மடித்தாள்.

"கொஞ்ச நாளு அங்கனயே இருக்கட்டும்" என்றாள். "சாப்புடுதான்ல. அது போதும்."

ஆடியில் ஷட்டவுன் வந்தது. எனக்குப் பள்ளி நடந்தது. அப்பா பத்து நாளும் வீட்டில் சமைத்து, மதியம் சூடாக எனக்குக் கொண்டுவந்தார். ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று யாரோ சொன்னதற்கு, "நாங்க போனா அவன் திரும்பச் சாப்புடாமப் போயிருவான்" என்றாள் அம்மா. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அப்பா பள்ளி கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்பார். அதற்குப் பிறகு எந்தப் பெற்றோர் கூட்டத்துக்கும் அவர் வரவில்லை. அடுத்த வருடமே டீச்சர் புது ஏற்பாட்டைக் கைவிட்டார். பழையபடி மே மாதம் லீவு விட்டார்கள். ஊரில் எனக்குத்தான் வேலை இல்லாமல் போனது.

கொஞ்ச நாள் என்றது முப்பது வருடத்தை நெருங்குகிறது. சித்தியை நான் குறை சொல்ல மாட்டேன். அவனை நன்றாக வளர்த்தாள். அந்தப் படம், நீலப் பை, யானை பாட்டில் எல்லாம் வீடு மாற்றியதில் எங்கெங்கோ போய்விட்டன. நான் இன்று 'வேண்டாம்' அழுத்தினால் ஒன்றும் ஆகப்போவதில்லை. உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, அப்பா பக்கமும் அன்றைக்கு நியாயம்தான் இருந்தது. கம்பெனிகள் பெருகிவிட்டன, தேதிகள் இன்னும் நன்றாக மாறுகின்றன. நான் சொல்வதைக் கேட்டு யாரும் ஒரு கையையும் இறக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

போன கார்த்திகையில் அம்மாவுக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை. தம்பி இப்போது ஒரகடத்தில்தான் வேலை பார்க்கிறான், ஹாஸ்டலில் இருக்கிறான். ஷிஃப்டை மாற்றிக்கொண்டு முதல் ஆளாக வந்துவிட்டான். ரத்தம் கொடுத்தான், மருந்துக்கு ஓடினான், அம்மாவின் காலைப் பிடித்துவிட்டான். காலையில் நர்ஸ் பேப்பரை எடுத்துக்கொண்டு வந்து, "பேஷன்ட்டு கூட இருக்கறவங்க பேரு எழுதணும். இவரு யாரு, பையனா?" என்று கேட்டாள்.

அப்பா தரையைப் பார்த்தார். தம்பி என்னைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்து என்ன செய்ய, நாக்கு பழகியதைத்தான் சொல்லும். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"இல்லம்மா. தங்கச்சி மவன்" என்றாள். "பெத்த பிள்ள மாதிரி பாத்துக்கிடுதான்."

நர்ஸ் அப்படியே எழுதிக்கொண்டாள்.